மனசுக்குப் பட்டுச்சு

போன தவணை உயர்தர வகுப்புக்குச் சொற்பொருள் பயிற்சி ஒன்று கொடுத்தேன். பத்துச் சொல். பொருள் எழுதி வாக்கியத்தில் அமைக்க வேண்டும். ஆறாவது சொல் ‘பட்டறிவு’. வந்த 27 தாள்களில் 19இல் ஒரே விடை: பட்டம் பெறுவதால் வரும் அறிவு. அதில் ஒரு பிள்ளை வாக்கியத்தையும் பிழையில்லாமல் அமைத்திருந்தாள். ‘என் அம்மாவுக்குப் பட்டறிவு இல்லை, அவர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறார்.’

அதற்குக் கீழே என்ன எழுதுவதென்று தெரியாமல் தாளை அப்படியே வைத்துவிட்டேன். இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. பொருள் மட்டும் தலைகீழாகக் கிடந்தது. இரவு நேரம், இலங்கை மலைநாட்டில், பண்டாரவளையில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இருந்துதான் திருத்திக்கொண்டிருந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் அம்மா இருமுகிற சத்தம் கேட்டது. 34 வருடம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுத்த அம்மா. இந்தப் பிள்ளை எழுதியதை நானும் எத்தனையோ படிவங்களில் எழுதியிருக்கிறேன். தாயின் கல்வித் தகைமை: இல்லை. தாயின் தொழில்: தொழிலாளி.

பிள்ளைகளைக் குற்றம் சொல்ல மாட்டேன். ‘பட்டறிவு’ ஏட்டுச் சொல். எந்த லயத்திலும், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், யாரும் அதைப் பேசிக் கேட்டதில்லை. ‘பட்டம்’ அப்படி இல்லை. ஒரு வீட்டுப் பிள்ளை பட்டம் வாங்கினால் தோட்டமே கோயிலில் கூடி மாலை போடும். ‘பட்ட’ என்று கண்டதும் மனம் அந்தப் பக்கம் ஓடத்தான் செய்யும். ஆனால் அதே பிள்ளைகளின் வீட்டில் ‘படு’ என்ற வினை நாள் முழுக்கப் புழங்குகிறது. கையில படாம பாத்துக்க. வெயில் படுற எடத்துல காயப்போடு. அவ பட்டவ, அவகிட்ட கேளு. பட்டாத்தான் தெரியும். என்னமோ எனக்கு அப்படிப் படுது.

படுதல் என்றால் ஒன்று வந்து நம்மைத் தொடுவது. வெயில் படுகிறது, கண்ணில் படுகிறது, அடி படுகிறது, கடைசியில் மனசுக்கும் படுகிறது. வெயிலும் அடியும் எண்ணமும் ஒரே கதவால் உள்ளே வருகின்றன. நின்ற இடத்தில் உடம்பின்மேல் வந்து விழுந்து, உள்ளே இறங்கித் தங்கிய அறிவுதான் பட்டறிவு. ‘அனுபவம்’ எல்லோருக்கும் விளங்கும் சொல், பேச்சில் நானும் அதைத்தான் சொல்வேன். ஆனாலும் ‘பட்டது’ என்பதில் இருக்கிற உறைப்பு அதில் இல்லை. என்னோடு படிப்பிக்கிற சிங்கள ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னபோது, தங்கள் மொழியில் அனுபவத்துக்கு ‘அத்தெகீம’ என்பார்கள் என்றார். ‘அத்’ என்றால் கை, ‘தெகீம’ என்றால் காண்பது என்று பிரித்துச் சொன்னார். கையால் கண்டது. அன்று முழுவதும் அந்தச் சொல் என்னை விடவில்லை.

நான் பிறந்தது ஹப்புத்தளைக்குக் கீழே, தெற்குச் சரிவில் ஒரு தோட்டம். காலையில் வானம் துலக்கமாக இருந்தால் கீழ்ச் சமவெளி முழுவதும் விரிந்து கிடக்கும், கடைக்கோடியில் கடல் ஒரு கோடாக மின்னும். பத்து மணிக்குள் பனிமூட்டம் பள்ளத்திலிருந்து ஏறி வந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். அப்போது நாங்கள் சொல்வது: ‘ஒண்ணும் தெரியல.’ கண்ணுக்குத் தட்டுப்படுவதற்கும் அறிவதற்கும் தமிழ் ஒரே சொல்லை வைத்திருக்கிறது. மலை தெரிகிறது, விடையும் தெரிகிறது. இலங்கையில் நாங்கள் வாய்க்கு வாய் சொல்லும் ‘விளங்குது’வும் அப்படித்தான். விளக்கு விளங்குகிறது, பாடமும் விளங்குகிறது. பனிமூட்ட நாட்டில் வளர்ந்த எனக்கு இது வெறும் சொல்லாராய்ச்சியாகத் தோன்றுவதில்லை. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாத மலையில், அடுத்த கான் (வடிகால்) எங்கே இருக்கிறது, எந்தக் கல்லில் பாசி பிடித்திருக்கிறது என்று காலாலேயே கண்டு அம்மா நடப்பார். அவருக்குத் தெரிந்திருந்தது. ஆனால் யாராவது கேட்டால் ‘எனக்கு என்னங்க தெரியும்’ என்றுதான் சொல்வார். இன்றைக்கும் அதுதான்.

அம்மாவின் கை வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எனக்கு அவர் கொழுந்தெடுக்கச் சொல்லித் தரவில்லை. நான் படிக்க வேண்டும் என்பதற்காகவே மலைப்பக்கம் விடவில்லை. பள்ளி விடுமுறையில் சோறு கொண்டு போகும்போது நின்று பார்த்ததுதான் நான் பார்த்தது. தேயிலைப் பெட்டிகளில் ரெண்டு இலையும் ஒரு மொட்டும் படம் போட்டிருப்பார்கள். எடுக்க வேண்டியது அது. எதை விட வேண்டும் என்று எந்தப் பெட்டியிலும் படம் இல்லை. அம்மாவின் கண் அதிகமாக வேலை செய்தது விடுவதில்தான். இன்றைக்கே எடுக்கலாம், ஆனால் அடுத்த சுற்றுக்கு விட்டால் நன்றாக வரும் என்று சில கொழுந்து. நுனி மொட்டு உறங்கிப்போய் இனி வளராது என்று சில. அதைக் கிள்ளி எறியாமல் விட்டால் செடி சோம்பிவிடும். கவ்வாத்து வெட்டித் தளிர்த்து வருகிற மலையில் தொடவே கூடாத உயரம் ஒன்று உண்டு, அங்கே மட்டம் பார்க்கும் கம்பை வைத்துப் பழகுவார்கள். அம்மாவுக்குக் கம்பு தேவைப்பட்டு நான் பார்த்ததில்லை. சுற்று ஏழு நாள் என்பது கணக்கு. மழையும் வெயிலும் மாறி மாறி வந்தால் ஐந்தாம் நாளே இலை முற்றத் தொடங்கும், அதைக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியும் முன்பே பெண்கள் பேசிக்கொள்வார்கள். இளந்தண்டு ஒடியும்போது ஒரு சின்னச் சத்தம் வரும். முற்றிய தண்டு நார் இழுக்கும். பனிமூட்டத்தில் கண் பாதி மறைந்த நாட்களில் அந்தச் சத்தத்தை வைத்தே கை போகும்.

தேயிலைக்குக் கொப்புள நோய் என்று ஒன்று உண்டு. 1946இல் இலங்கைக்கு வந்த பூஞ்சண நோய். நாலைந்து நாள் வெயில் முகம் காட்டாமல் ஈரமும் பனியுமாக இருந்தால் இளம் இலையில் பற்றும். இலைக்கு அடியில் வெள்ளையாகப் புடைத்துப் பூத்த பிறகு யாருக்கும் அது தெரியும். அதற்கு முன்பே, கொழுந்தை வெளிச்சத்துக்கு நேரே தூக்கினால் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஒளி ஊடுருவுகிற சிறு புள்ளி இருக்கும். அம்மா கிள்ளிய கையோடு ஒரு தரம் தூக்கிப் பார்ப்பார். இரண்டு நாள் கழித்து மருந்து அடிக்க ஆள் வருவார்கள். ‘மேல் மலையில வந்துருச்சு’ என்று வீட்டில் சொல்லிவிடுவாரே தவிர, மலையில் யாரிடமும் சொன்னதில்லை. யாரும் கேட்டதும் இல்லை.

மாலை கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வரிசை. முதுகிலிருந்து இறக்கும்போதே ‘பதினொண்ணரை’ என்பார். தராசு முள் பதினொன்றரையில் நிற்கும். ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்து ஒன்பதரை என்று எழுதுவார்கள். இரண்டு கிலோ எங்கே போயிற்று என்று எனக்கு அன்று விளங்கவில்லை. அம்மாவின் தோளுக்கும் இடுப்புக்கும் தெரிந்த கணக்கு அந்தப் புத்தகத்தில் இடம் பெறாது என்பது மட்டும் விளங்கியது. இந்தத் திறமைக்கு வீட்டில் ஒரு பெயர் இருந்தது: கைநிதானம். நிதானம் என்றால் பதற்றப்படாமை என்றுதான் மற்ற இடங்களில் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பேச்சில் அது அளவும்கூட. உப்பைக் கைநிதானமா போடு, தூரத்தைக் கண்நிதானமா பாரு. பதறாத ஆளுக்குத்தான் அளவு தெரியும் என்று இந்தச் சொல் நினைக்கிறது போலும். இப்படி ஒரு சொல்லைச் செய்து வைத்தவர்களை நான் கும்பிடுகிறேன்.

அப்பா ஸ்டோரில். அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இரவு முறை. அவருடைய சொல் வேறு: பதம். மடுவத்திலிருந்து வந்த கொழுந்தை நீண்ட தொட்டிகளில் பரப்பி அடியிலிருந்து காற்று விடுவார்கள், ராத்திரி முழுக்க வாடும். எப்போது வாடல் போதும்? அப்பா ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் இறுக்கிப் பிடிப்பார். உருண்டை மாதிரி நிற்க வேண்டும், கையைத் திறந்தால் மெல்ல மெல்ல விரிய வேண்டும். சட்டென்று விரிந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. குச்சி வளைய வேண்டும், ஒடியக்கூடாது. பிறகு முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுப்பார். பச்சைப் புல் வாசம் போய்ப் பழ வாசம் எட்டிப் பார்த்தால் ‘பதம் வந்துருச்சு’. அதன் பிறகுதான் உருளை இயந்திரம். உருட்டிய இலையை விரித்துப் போட்டுச் செப்புக்காசு நிறம் வரும்வரை காத்திருப்பதிலும் இதே மூக்கும் இதே கண்ணும்தான் காவல். ஐந்து நிமிடம் பிந்தினாலும் அதன் கனம் கோப்பையில் தெரியும் என்பார்.

ஆடி, ஆவணியில் கச்சான் வீசும். மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி எங்கள் ஊவா மாகாணத்துக்குள் உலர்ந்து இறங்குகிற காற்று. அந்தக் காற்றில்தான் ஊவாத் தேயிலைக்குப் பெயர் வாங்கித் தந்த மணம் ஏறுகிறது. ஆங்கிலத்தில் தேயிலையைப் பற்றி எழுதுகிறவர்களும் அந்தக் காற்றை அதே தமிழ்ப் பெயரால்தான் எழுதுகிறார்கள். யார் முதலில் அவர்கள் காதில் அதைப் போட்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்க்கிறேன். கச்சான் நாட்களில் கொழுந்து மளமளவென்று வாடிவிடும், அப்பா வழக்கமான நேரத்துக்கு முன்பே எழுந்து போய்விடுவார். காற்று ஓட்டைத் தகரத்தில் தட்டுகிற விதத்தை வைத்தே எழுவார். கடிகாரம் வீட்டில் இருந்தது, அது என் பள்ளிக்கு.

தலவாக்கலையில் இருக்கும் தேயிலை ஆராய்ச்சி நிலையம் 1925இல் தொடங்கியது. அங்கே நடப்பது பெரிய வேலை, அதைக் குறைத்துப் பேச மாட்டேன். எங்கள் மலைகளில் நிற்கும் புது ரகங்கள் அங்கிருந்து வந்தவைதான். ஆனால் அதற்கு முன் இருக்கிற காலத்தை நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது. ஜேம்ஸ் டெய்லர் என்ற தோட்டத்துரை லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை வைத்தது 1867. இரண்டே வருடத்தில் கோப்பியில் இலைத்துரு நோய் தொடங்கியது, பிறகு கோப்பியே போயிற்று. மதுரையிலும் இராமநாதபுரத்திலும் திருச்சியிலும் சேலத்திலும் வானம் பார்த்த நிலத்தைக் கொத்திக்கொண்டிருந்தவர்கள் இங்கே வந்து கோப்பியைப் பழகி, அது அழிய அழியத் தேயிலையைப் பழகினார்கள். டெய்லரின் முதல் தேயிலை அவருடைய பங்களா விறாந்தையில், மேசைமேல், கையால் உருட்டப்பட்டது என்பது பதிவில் இருக்கிறது. உருட்டிய கைகளுக்குப் பதிவில் பெயர் இல்லை. இலை எந்த நேரத்தில் நிறம் மாறுகிறது, எவ்வளவு அழுத்தினால் சாறு வருகிறது என்று முதலில் உணர்ந்தவை அந்த உள்ளங்கைகளாகத்தான் இருக்கும்.

எங்கள் மொழியில் சொல் இல்லாமல் இல்லை. இத்தனை இருந்தும் அவை எல்லாம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிவிட்டன என்பதுதான் என்னை உறுத்துகிறது. திருக்குறளில் கல்வி 40ஆம் அதிகாரம், கல்லாமை 41, கேள்வி 42, அறிவுடைமை 43. கல்லாமைக்கு அடுத்த படியில் கேள்வி நிற்கிறது. ‘கற்றில னாயினுங் கேட்க’ என்கிறார் வள்ளுவர், படிக்காதவனுக்கும் அது ஊன்றுகோல் என்கிறார். இன்றைக்குக் கேள்வி என்றால் வினாத்தாள். ‘கேள்விப்பட்டேன்’ என்றால் உறுதியில்லாத செய்தி. ‘கண்டது’ இன்னும் பாவம். கண்டதையும் பேசாதே, கண்ட கண்ட ஆட்களோடு சேராதே என்று, கண்ணால் கண்டது என்பதே மதிப்பில்லாதது என்று ஆகிவிட்டது. பழக்கம் என்றால் உடனே கெட்ட பழக்கம் நினைவுக்கு வருகிறது. சித்திரத்துக்கும் செந்தமிழுக்கும் அடிப்படை என்று ஒளவையார் சொன்ன பழக்கம் அது! ‘பட்டவ’ என்றால் துன்பப்பட்டவள் என்ற பாதிப் பொருள்தான் மிஞ்சியிருக்கிறது. பட்டதால் அவளிடம் சேர்ந்தது என்ன என்று கேட்கிற பழக்கம் போய்விட்டது. கண்டதும் கேட்டதும் பழகினதும் பட்டதும் அறிவுக்கு வெளியே போனபின், அவற்றை மட்டுமே வைத்திருக்கிற ஒருத்தி ‘எனக்கு என்ன தெரியும்’ என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வாள்?

அப்பாவின் அம்மா, எங்கள் அப்பாயியும் அதைத்தான் சொன்னார். அந்த நாளை எழுதத்தான் இவ்வளவும் எழுதிக்கொண்டு வருகிறேன்.

எனக்குப் பன்னிரண்டு வயது. மார்கழி. மூன்று நாள் விடாமல் மழை, நாலாம் நாள் மதியம் நின்றிருந்தது. வெளிச்சமும் வந்திருந்தது. மேல் லயத்துக்கு மேலே ஊற்றிலிருந்து தண்ணீர் இறங்குகிற பீலி ஒன்று உண்டு, பத்துக் குடும்பம் குளிப்பதும் குடிப்பதும் அதில்தான். நானும் அப்பாயியும் குடத்தோடு போனோம். தண்ணீர் கலங்கலாக விழுந்தது. மழைக்குக் கலங்குவது வழக்கம்தான், அதனால் நான் குடத்தை வைத்துவிட்டு நின்றேன். அப்பாயி வைக்கவில்லை. கையை நீட்டித் தண்ணீரைப் பிடித்தார், வடியவிட்டார், உள்ளங்கையில் தங்கிய மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தார். மறுபடி பிடித்தார். இந்த முறை தேய்த்த மண்ணை மூக்கருகே கொண்டுபோனார். கருப்பாக இல்லை. வெளிர் மஞ்சள், வழவழப்பு, களிமண் மாதிரி விரலில் ஒட்டியது. ‘இது மேல் மண்ணு இல்லடி’ என்றார். ‘அடி மண்ணு.’ மழை பெய்யும்போது தெளிவாக விழுந்த தண்ணீர், மழை நின்ற பிறகு கலங்குவானேன் என்று அவர் மேலே பார்த்தார். பார்த்துக்கொண்டே நிற்கையில் பீலியின் வீச்சு குறைந்தது. என் கண் முன்னால், கைத்தடிமன் ஓட்டம் விரல்தடிமன் ஆனது.

அப்பாயி ஓடினார் என்று சொல்ல முடியாது, முழங்கால் வலிக்காரி. ஆனால் அன்று மேல் லயத்தின் பத்துக் காம்பரா வீட்டிலும் ஏறி இறங்கினார். ‘புள்ளைங்கள தூக்கிக்கிட்டு கோயிலுக்குப் போங்க, அடுப்ப அமத்துங்க’ என்றதைத் தவிர வேறு விளக்கம் சொல்லவில்லை. சிலர் முணுமுணுத்தார்கள். மழைதான் விட்டுப்போச்சே ஆயா என்றார்கள். ஒரு வீட்டில் காய்ச்சல்காரப் பிள்ளை, அதன் அம்மா வர மறுத்தாள். அப்பாயி வாசலில் உட்கார்ந்துவிட்டார். ‘நீ வராம நான் எந்திரிக்க மாட்டேன்.’ இருட்டுவதற்குள் எல்லோரும் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். விடியற்காலை ஒரு சத்தம். இடி என்று நினைத்தோம். வெளிச்சம் வந்து பார்த்தால் மேல் லயத்தின் கடைசி மூன்று காம்பராவின் பின்சுவரைக் காணோம். சரிவு வழித்து எடுத்த மாதிரி இருந்தது, பீலி இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும் வேரோடு கிடக்கிற சவுக்கு மரமும்.

இரண்டு நாள் கழித்து ஒரு அலுவலகத்திலிருந்து குறிப்புப் புத்தகத்தோடு ஓர் அதிகாரி வந்தார். கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். யார் முதலில் கவனித்தது என்று கேட்டார். எல்லோரும் அப்பாயியை முன்னால் தள்ளினார்கள். எப்படித் தெரிந்தது என்று கேட்டார்.

‘எனக்கு என்னங்கய்யா தெரியும். படிச்சவளா நானு. பீலித்தண்ணி ஒரு மாதிரியா இருந்துச்சு. மனசுக்குப் பட்டுச்சு.’

அவர் தலையாட்டினார். பேனா நகரவில்லை. புத்தகத்தை மூடிக்கொண்டு அடுத்த வீட்டுச் சேதத்தை அளக்கப் போனார். சில மாதம் கழித்து நட்டஈட்டு அலுவலாக அப்பாவுக்கு அந்த அறிக்கையின் பிரதி ஒன்று கிடைத்தது. வீட்டில் வாசிக்கத் தெரிந்தவள் நான். சேதம் எத்தனை அடிச் சுவர் என்பது வரை இருந்தது. கடைசி வரி: ‘அதிர்ஷ்டவசமாக உயிர்ச்சேதம் எதுவும் ஏற்படவில்லை.’ அதை நான் உரக்க வாசித்தேன். அப்பாயி வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். ‘ஆமா, மாரியாத்தா காப்பாத்துனா’ என்றார்.

அந்த வரி என் தொண்டையில் இன்றைக்கும் இறங்கவில்லை. பத்து வீடு ஏறி இறங்கின முழங்கால், வாசலில் உட்கார்ந்த பிடிவாதம், கட்டைவிரலில் தேய்த்த மஞ்சள் மண், எல்லாவற்றுக்கும் சேர்த்து வைத்த பெயர் அதிர்ஷ்டம். அந்த அதிகாரி இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம்: ஒரு மாதிரி என்றால் என்ன மாதிரி? அதற்கு அப்பாயியிடம் பதில் இருந்தது. நிறம், வழவழப்பு, வாசம், மழை நின்ற நேரம், ஓட்டம் குறைந்தது என்று ஒவ்வொன்றாகச் சொல்லியிருப்பார். ‘பட்டுச்சு’ என்ற சொல்லுக்குள் அத்தனையும் மடித்து வைத்திருந்தார். பிரித்துப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களை மூடியது. எங்கள் சரிவிலிருந்து அது தூரமில்லை. என்னோடு படித்தவர்களின் சொந்தக்காரர்கள் அங்கே இருந்தார்கள். அதைப் பற்றி இங்கே விரித்து எழுத எனக்கு மனம் வரவில்லை. அதன் பிறகு மண்சரிவு எச்சரிக்கைத் துண்டுப்பிரசுரங்கள் தமிழிலும் அடிக்கடி கண்ணில் படத் தொடங்கின. எங்கள் பாடசாலை அறிவித்தல் பலகையிலும் ஒன்று இருக்கிறது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு: 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாக இரு, 100 என்றால் வெளியேறத் தயாராகு, 150 என்றால் வெளியேறு. அதன் கீழே அறிகுறிகள். நிலத்திலும் சுவரிலும் வெடிப்பு, மரமும் கம்பமும் சாய்தல், ஊற்று திடீரென்று தோன்றுதல், தண்ணீர் கலங்குதல், இருந்த ஊற்று வற்றுதல்.

அதை முதல் தடவை வாசித்தபோது பலகைக்கு முன்னால் நெடுநேரம் நின்றேன். அப்பாயி அப்போது உயிரோடு இல்லை. அவர் உள்ளங்கையில் இருந்தது இப்போது அச்சில் இருக்கிறது, கீழே முத்திரையோடு. எனக்குச் சந்தோஷம்தான், அச்சில் இருந்தால் பத்து ஊருக்குப் போகும். மழைமானி தேவை, மில்லிமீற்றர் தேவை. ராத்திரி தூங்குகிற நேரத்தில் கட்டைவிரல் காவல் இருக்க முடியாது. ஆனால் மழைமானி ஒரு மலைக்கு ஒன்று. பீலி லயத்துக்கு ஒன்று, அதில் தினமும் கை நீட்டுகிறவர்கள் ஐம்பது பேர்.

வகுப்புக்கு வருகிறேன். தாள்களைத் திருப்பிக் கொடுத்த அன்று பொருள் சொல்லி முடித்துவிட்டு, பிள்ளைகளிடம் ஒரு வேலை கொடுத்தேன். வீட்டில் பெரியவர்களிடம், யாரும் சொல்லித் தராமல் உங்களுக்குத் தெரிந்தது என்ன என்று கேட்டு எழுதி வரச் சொன்னேன். மறுநாள் ஏறக்குறைய எல்லோரும் வெறுங்கையோடு வந்தார்கள். ‘ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க டீச்சர்.’ கேள்வியில்தான் பிழை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ‘என்ன தெரியும்’ என்ற கேள்விக்கு எங்கள் ஆட்களிடம் பரம்பரையாக ஒரே பதில்தான் உண்டு. மாற்றிக் கொடுத்தேன்: நேற்று அவர்கள் செய்த ஒரு வேலையைச் சொல்லி, அதை எப்படிப் பார்த்துச் செய்தீர்கள் என்று கேளுங்கள்.

வந்து குவிந்தது. லொறி ஓட்டுகிற அப்பா பெரகலை இறக்கத்தில் பிரேக் வாசத்தை வைத்து எந்த வளைவில் நிறுத்த வேண்டும் என்று முடிவெடுக்கிறார். வெலிமடைப் பக்கம் உருளைக்கிழங்கு போடுகிற தாத்தா மண்ணைப் பிடித்து உருட்டி, அது விழுந்து உடைகிற விதத்தைப் பார்த்துத் தண்ணீர் விடுகிறார். ஒரு பாட்டி காய்ச்சலை உள்ளங்கையால் பார்ப்பதில்லை, புறங்கையால்தான், உள்ளங்கை தோல் தடித்துப்போய்ச் சூடு சொல்லாது என்று. உள்ளங்கை மரத்துப்போன உழைப்பும், அதைத் தாண்டி வேறு வழி கண்டதும் அந்த ஒரு வரியில் இருந்தன. அம்மாவுக்குப் பட்டறிவு இல்லை என்று எழுதிய பிள்ளை நாலு பக்கத் தாள் கொண்டுவந்தாள். ‘அம்மா பேசிக்கிட்டே இருந்தாங்க டீச்சர், எழுதி முடிக்க முடியல.’ மூன்றாம் பக்கத்தில் குளவியைப் பற்றி ஒரு பத்தி. கூடு எங்கே இருக்கிறது என்று தெரியாத மலையில், பறக்கிற குளவி செடிமேல் உலவுகிறதா, ஒரே திசையில் நேராகப் போய் வருகிறதா என்று பார்ப்பாராம். நேராகப் போய் வந்தால் அந்தப் பக்கம் நெறை, அதாவது கொழுந்தெடுக்கிற வரிசை, பிடிக்க மாட்டாராம். நான் கொழுந்துக்காரியின் மகள், எனக்கு இது தெரியாது.

அந்தத் தாள்களை எல்லாம் ஒரு கோப்பில் வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரையையும் வெளியிடுவதற்கு முன் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அப்பாயி பகுதியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. கொழுந்தெடுக்கிற பகுதிக்கு மறுபடி போகச் சொன்னார்.

‘கையப் பத்தித்தான் எழுதிருக்க.’

‘ஏன்மா, தப்பா?’

‘தப்பு இல்ல. கை சும்மா. கை எடுக்கிற கொழுந்துல கண்ணு இருக்கக்கூடாது. கண்ணு அடுத்த கொழுந்துக்குப் போயிறணும். நீ எழுதிருக்கிற மாதிரி நின்னு பாத்துக்கிட்டிருந்தா அரைப்பேர்தான் போடுவான், அரைநாள் சம்பளந்தான்.’

வேலியோரம் அழகுக்காக நட்ட ஒரு தேயிலைச் செடி இருக்கிறது. எழுந்து அதனருகே போனார். என்னையும் கூப்பிட்டார். நான் நகத்தால் கிள்ளினேன். ‘நகத்த வைக்காத, கருகிப்போகும்’ என்று என் கட்டைவிரலைப் பிடித்து, தண்டின் கீழே, ஆட்காட்டி விரலின் பக்கவாட்டில் சாய்த்து வைத்தார்.

‘மடக்கு. இழுக்காத. ம்... கண்ணு எங்க இருக்கு? இந்தா, இங்க பாரு.’